புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள்

முகச் சுருக்கத்துக்கு ஊசி போடக் கற்றுக்கொள்ள இளம் மருத்துவர்களான உங்களுக்கு நான் தேவையில்லை. எந்தத் தசை, எவ்வளவு ஆழம், எவ்வளவு மருந்து என்பதையெல்லாம் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். கிளினிக்கை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவி அதில் புதிதாக எதைச் சொல்லிவிட முடியும்? நான் சொல்ல நினைப்பது ஊசிக்கு முன்னாலும் ஊசிக்குப் பின்னாலும் நடப்பதைப் பற்றி. அதைப் பாடப் புத்தகத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை.

இராமநாதபுரத்தில், மருந்துக் கடை ஒன்றின் மாடியில் என் தோல் கிளினிக் இருந்தது. படை, சொறி, தேமல், முடி கொட்டுதல், இவைதான் எனக்குச் சோறு போட்டவை. சுருக்க ஊசிக்கு வருகிறவர்கள் குறைவு. அவர்களும் வரவேற்பில் "தேமலுக்கு வந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் உண்மையைச் சொல்வார்கள். முகத்தை அழகாக வைத்துக்கொள்ள ஆசைப்படுவது அப்படி என்ன திருட்டுத்தனமோ தெரியவில்லை. நம் ஊரில் அது அப்படித்தான்.

ஒருமுறை ஒரு பெண்ணின் தாயார், மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து நின்றார். மறுநாள் மேடையில் நிற்கும்போது நெற்றியில் கோடே தெரியக் கூடாதாம். முடியாது என்றேன். இந்த மருந்து வேலையைத் தொடங்கவே சில நாட்கள் ஆகும், முழுதாகப் பிடிக்க இரண்டு வாரம் ஆகும், பிடித்தால் மூன்று நான்கு மாதம் நிற்கும், பிறகு தானே போய்விடும் என்று பொறுமையாக விளக்கினேன். "அப்ப எதுக்குப் போர்டு மாட்டி வச்சிருக்கீக?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவரிடம் சொன்னதை நீங்களும் மனதில் வையுங்கள். இந்த ஊசி நிதானமாக வரும், நிதானமாகப் போகும். நடுவில் நாம் தலைகீழாக நின்றாலும் அதை முடுக்கவோ திருப்பி எடுக்கவோ முடியாது. இதை வாயால் சொல்வது சுலபம். எனக்கு அது உறைத்தது லூர்தம்மாள் வந்த பிறகுதான். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன்.

லூர்தம்மாள் பாம்பன் பக்கத்து அக்காள்மடம் என்ற ஊர்க்காரர். அறுபதை ஒட்டிய வயது. கடலுக்குள் முங்கிக் கடற்பாசி எடுப்பது அவர் தொழில். கண்ணில் நீச்சல் கண்ணாடி, விரல்களில் துணிச்சுற்று, இடுப்பில் பை என்று இறங்கினால் மதியம்வரை தண்ணீரில் கிடப்பவர். வெயிலும் உப்பும் அவர் முகத்தில் செய்யாத வேலை இல்லை. ஆனால் அவர் கன்னத்தையோ கண்ணோரத்தையோ காட்டவில்லை. புருவங்களுக்கு நடுவே நின்ற இரண்டு செங்குத்துக் கோடுகளில் விரலை வைத்தார்.

"இத மட்டும் அழிச்சிவிடணும் டாக்டரம்மா. எங்க அக்கா வாரா."

"அக்கா வந்தா நல்லதுதானே? அதுக்கும் இந்தக் கோட்டுக்கும் என்னம்மா?"

"இருக்கு. கப்பல் ஓடுன காலத்துல அவள மன்னார்ப் பக்கம் கட்டிக் குடுத்தாக. தாய்மாமன் மகன். அவ கப்பல் ஏறுற அன்னிக்கி நா மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நின்னேன். என்னைய விட்டுட்டுப் போறாளேன்னு அம்புட்டுக் கோவம். அவ கையக் காட்டிக்கிட்டே போறா, நா காட்டல. ஒரு வார்த்த பேசல. அவ கடைசியாப் பாத்தது இந்தச் சிடுமூஞ்சியத்தான். இத்தன வருசங் கழிச்சு வாரவ, வந்து எறங்குன ஒடனே மறுபடியும் இதையா பாக்கணும்?"

இராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்கு ஓடிய அந்தக் கப்பல் நின்றுபோனது. அங்கே சண்டை வந்தது. அக்காள் ஞானத்தின் புருசன் படகை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டார். இங்கே தாயார் இறந்தபோது செய்தி போய்ச் சேர்வதற்குள் புதைத்த மண்ணில் புல் முளைத்துவிட்டது. சண்டை முடிந்த பிறகு புருசன் படுக்கையில் விழுந்து பல வருடம் கிடந்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஞானத்துக்குத் தங்கச்சியைப் பார்க்க வர வழி பிறந்தது. போனில் பேசிக்கொள்வார்களாம். முகத்தைக் காட்டச் சொல்லி அக்காள் கெஞ்சினால் லூர்தம்மாள் போனைத் திருப்பிக் கடலைக் காட்டுவாராம், வீட்டுக் கூரையைக் காட்டுவாராம்.

எத்தனையோ காரணம் சொல்லிக்கொண்டு வருவார்கள். இப்படி ஒரு காரணத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அக்காள் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. மருந்து பிடிக்க அது போதும். உடம்பில் வேறு நோய் இல்லை, தடை எதுவும் இல்லை. எதை எதிர்பார்க்கலாம் என்பதைச் சொன்னேன். கோடு அடியோடு மறையாது, ஆழம் குறையும், ஆனால் புருவத்தைச் சுளிக்க வராது என்றேன். "கோவம் வந்தாலும் மொகத்துல காட்ட முடியாதும்மா."

"அதுதான வேணும்" என்று சிரித்தார்.

ஊசி போட்டேன். அன்றும் மறுநாளும் நெற்றியைத் தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது, குனிந்து கிடக்கக் கூடாது, கடலுக்குப் போகவே கூடாது என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். செவிலியும் ஒருமுறை சொல்லி அனுப்பினார்.

ஒரு வாரம் கழிந்திருக்கும். கூட்டம் நிறைந்த நேரத்தில் வெளியே சத்தம். லூர்தம்மாளின் மகன், வேன் ஓட்டுகிறவர், வரவேற்பு மேசையைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார். "எங்க ஆத்தா கண்ணப் பறிச்சிட்டீக! பெரியம்மா வர்றப்ப என்னத்தக் காட்டுறது?" தேமலுக்கு வந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். பின்னால் லூர்தம்மாள் நின்றார். இடது கண்ணிமை பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"ஏலே, சும்மா இருலே. டாக்டரம்மா பாக்கட்டும்" என்று மகனை அதட்டினார். அதட்டல் குரலில் இருந்தது. நெற்றி அசையவில்லை. மருந்து நன்றாகவே பிடித்திருந்தது என்பதை அந்தக் களேபரத்திலும் என் கண் கவனித்துவிட்டது. தொழில் புத்தி போகாது.

இப்படி ஒரு வேளையில் முதலில் என்ன செய்வீர்கள்? பதில் சொல்லக் கிளம்பாதீர்கள். முதலில் பாருங்கள். பார்வை இரட்டையாகத் தெரிகிறதா, விழுங்க முடிகிறதா, மூச்சு சிரமமா, கைகால் பலமாக இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. மருந்து போகக் கூடாத தசைக்குக் கொஞ்சம் கசிந்திருக்கிறது, அவ்வளவுதான். பிறகுதான் ஊசி போட்ட மறுநாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கடலுக்குத்தான் போனேன்."

"போகக் கூடாதுன்னு சொன்னேனே!"

"நீங்க சொன்னதுக்கு மாறா நடக்கலையே. ஊசி போட்ட எடத்துல உப்புத் தண்ணி படக் கூடாதுன்னுதான சொன்னீக? கடலு தெளிஞ்சு கெடந்துச்சு. அன்னிக்கிப் போகாம எப்பப் போறது? நெத்தியில துணிய மூணு சுத்து இறுக்கிக் கட்டி, அது மேல கண்ணாடியப் போட்டுக்கிட்டுத்தான் முங்குனேன். ஒரு சொட்டு படல டாக்டரம்மா."

உலகத்தில் வேறு எந்த ஊரிலும் ஒரு மனுசி இப்படிப் பத்திரப்படுத்தியிருக்க மாட்டாள். அழுத்தக் கூடாது என்று சொன்ன இடத்தை, தண்ணீரிலிருந்து காப்பாற்றுவதற்காக, துணியாலும் கண்ணாடி வாராலும் மதியம்வரை அழுத்தி வைத்திருக்கிறார், அதுவும் தலைகீழாக முங்கி முங்கி. அதனால்தான் இமை இறங்கியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒன்றும் செய்யாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இறங்கியிருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து "கூடாது" என்பதோடு நான் நிறுத்திக்கொண்டதில்லை. ஏன் கூடாது என்பதையும் சொல்வேன். நாம் காரணத்தைச் சொல்லாவிட்டால் அவர்களாகவே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்வார்கள். அது நம்முடையதைவிட நியாயமாகவும் இருக்கும்.

அப்போது என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளம் மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, புருவத்துக்கு மேலே இன்னும் கொஞ்சம் போட்டுத் தூக்கிவிடலாமே மேடம் என்றார். வெளியே மகன் கத்துகிறார், கூட்டம் பார்க்கிறது, ஏதாவது செய்துவிட்டால் தேவலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. ஏதாவது செய்ய வேண்டும் என்ற அந்த அரிப்பை நம்பாதீர்கள். நம் பதற்றத்துக்கு மருந்தாக நோயாளிக்கு ஊசி போடக் கூடாது. இமையைச் சற்றே தூக்கும் சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தேன். இது தானாகவே திறக்கும், சில வாரங்கள் ஆகும், தேதி சொல்ல மாட்டேன் என்றேன்.

"அக்கா எறங்குறப்ப தெறந்திருக்குமா?"

"முழுசா இருக்காதும்மா."

லூர்தம்மாள் இறங்கிய இமையை விரலால் தொட்டுப் பார்த்தார். "சிடுமூஞ்சி போயி இப்ப ஒத்தக் கண்ணியால்ல நிக்கப் போறேன்" என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். மகன் மேசையைத் தட்டுவதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞானம் வந்து இறங்கிய செய்தி மகன் வழியாக வந்தது. சில வாரம் கழித்து அக்காளும் தங்கச்சியும் சேர்ந்தே கிளினிக்குக்கு வந்தார்கள். லூர்தம்மாளின் இமை ஏறக்குறையத் திறந்திருந்தது. நெற்றி வழுவழுவென்று, பாசி எடுக்கிறவரின் நெற்றி என்று யாரும் சொல்ல முடியாதபடி இருந்தது. சரி, நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். நம் தொழிலில் இந்த நினைப்பு வரும்போதெல்லாம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

ஞானம் மெலிந்த உடம்பு, முழுக்க நரைத்த தலை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பேச்சு முழுக்க இலங்கைப் பேச்சாக மாறியிருந்தது.

"டொக்டர், இவளை ஒருக்காக் கோவப்பட வையுங்கோ."

எனக்குப் புரியவில்லை. தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் வந்த நாள் தொடக்கம் கேக்கிறன். கோவப்படு, பாப்பம் எண்டு. முகம் அசையுதில்லை."

"கொழம்புல உப்ப அள்ளிப் போட்டா டாக்டரம்மா" என்றார் லூர்தம்மாள். "எங் கடல் கண்ணாடிய ஒளிச்சு வச்சா. எனக்குக் கோவம் வராம இல்ல, நல்லாத்தான் வந்துச்சு. மொகந்தான் செவுரு மாதிரி கெடந்துச்சு."

"எதுக்கும்மா அவங்க கோவப்படணும்?" என்று ஞானத்திடம் கேட்டேன்.

அவர் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா செத்ததுக்கு நான் வரேல்லை டொக்டர். அம்மாட படம் ஒண்டும் இல்லை. படத்துக்கு நிக்க மாட்டா, ஆயுசு குறையும் எண்டுவா. அம்மா கோவிச்சா புருவத்துக்கு நடுவில ரெண்டு கோடு எழும்பும். வீட்டில வேற ஒருத்தருக்கும் இல்லை, இவளுக்குத்தான் அது அப்பிடியே வந்தது. நான் கப்பல்ல நிண்டு பாக்கேக்க, கரையில அம்மாவும் இவளும் ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் சுளிச்சுக்கொண்டு நிண்டவை. அம்மா என்னை அனுப்பிறதுக்கு அழக் கூடாதெண்டு சுளிச்சா. இவள் கோவத்தில சுளிச்சாள். இவ்வளவு காலமும் நான் கண்ணை மூடினா அந்த ரெண்டு முகமுந்தான். இப்ப அம்மாட முகம் எனக்கு மறந்துகொண்டு வருது. வந்து இவளைப் பாத்தா ஞாபகம் வரும் எண்டு நினைச்சன்."

அக்காள் பார்க்கக் கூடாது என்று எதை லூர்தம்மாள் அழித்தாரோ, அதைப் பார்க்கத்தான் அக்காள் கடல் தாண்டி வந்திருக்கிறார்.

"மாத்து மருந்து இருக்கோ டொக்டர்?"

"இல்லைம்மா. தானா திரும்பி வந்தாத்தான் உண்டு."

"எனக்கு விசா முடியிறதுக்குள்ள வருமோ?"

வரும் என்று சொல்லிவிட என் நாக்கு துடித்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் அன்று ஆறுதலாக இருந்திருக்கும். "வரலாம். வராமலும் போகலாம்" என்றேன். எனக்கு அழுகை வந்தது. அதை மறைப்பதற்காக, ஏறக்குறையச் சரியாகிவிட்ட இமையை மறுபடியும் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றேன். என் அம்மா சிரிக்கும்போது மேலுதட்டுக்குப் பக்கத்தில் ஒரு மடிப்பு விழும். அது என்னிடம் எங்காவது வந்திருக்கிறதா என்று சிரித்துச் சிரித்துப் பார்த்தேன். இல்லை. என் தம்பிக்கு இருக்கிறது. அவன் அமெரிக்காவில் இருக்கிறான். அவனை முகம் காட்டச் சொல்லிப் போன் செய்தேன். எதற்கு என்று அவனிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு வாரத்துக்கு ஒருமுறை அக்காளும் தங்கச்சியும் பஸ் ஏறி வந்தார்கள். சிகிச்சை என்று ஒன்றும் இல்லை. நான் "சுளிங்க" என்பேன், லூர்தம்மாள் முயல்வார், ஞானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். ஒன்றும் நடக்காது. பிறகு மூன்று பேரும் டீ குடிப்போம். அம்மாவைப் பற்றி இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் விடும் பெருமூச்சு, ஜெபம் சொல்லிக்கொண்டே தூங்கிப்போவது, ஒரு நண்டைக்கூட வீணாக்காதது. கடைசி வாரத்தில் வலது புருவ நுனியில் லேசாக ஒரு துடிப்பு தெரிந்தது. எனக்குத் தெரிந்தது, ஞானத்துக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் கிடைத்தால் போதும் என்று இருந்தது. அந்தக் கொஞ்ச நாள் எங்களிடம் இல்லை.

முகத்தை மாற்றித் தரக் கேட்டு வருகிறவரிடம் யாருக்காக என்று கேளுங்கள் என்று உங்களில் பலரிடம் நான் தனியாகச் சொல்லியிருக்கிறேன். "எனக்காக" என்றால் நல்லது, மேலே பேசுங்கள். இன்னொருவருக்காக என்றால், அந்த இன்னொருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். நம் முகத்தில் எதைத் தேடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. நாம் வெட்கப்படும் இடத்தில்தான் அவர்கள் தாங்கள் இழந்த ஆட்களை வைத்திருப்பார்கள்.

ஞானம் கிளம்பும் நாளில் மகன் ஓட்டிய வேன் மதுரை விமான நிலையத்துக்குப் போகும் வழியில் எங்கள் வாசலில் நின்றது. விடைபெற்றுக்கொள்ள மாடிக்கு வந்தார்கள். லூர்தம்மாளை உட்காரவைத்து நானே கடைசியாக ஒருமுறை பார்த்தேன். அதே துடிப்பு, அவ்வளவுதான். "பரவாயில்லை டொக்டர். நீங்கள் பொய் சொல்லேல்லை" என்று ஞானம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

படியிறங்கி நானும் கூடப் போனேன். ஞானம் வேனில் ஏறினார். லூர்தம்மாள் ஏறவில்லை.

"நா வரல. இங்கனக்குள்ளயே பஸ் ஏறி வீட்டுக்குப் போறேன். நீ கப்பல் ஏறுனதப் பாத்ததே எனக்குப் போதும். ஏரோப்ளேன வேற பாக்கணுமாக்கும்?"

"வாடி. கடைசி வரைக்கும் வா."

"வரமாட்டேன். போ. எப்பவும் நீதான் போற, நாந்தான் நிக்கிறேன். போ!"

மகன் வண்டியைக் கிளப்பினார். ஞானம் ஜன்னலில் கையைக் காட்டினார். லூர்தம்மாள் கையைக் காட்டவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

நான் பக்கத்தில் நின்றதால் முதலில் பார்த்தது நான்தான். வலது புருவம் உள்ளே இழுத்தது. இடதும் மெல்லப் பின்னால் வந்தது. நடுவே தோல் மடிந்து, ஒன்று ஆழமாகவும் ஒன்று அரைகுறையாகவும், இரண்டு கோடுகள் எழும்பின.

"நிப்பாட்டு!" என்று உள்ளேயிருந்து கத்தல் கேட்டது. வேன் முழுதாக நிற்பதற்குள் ஞானம் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். செருப்பு ஒன்று வண்டியிலேயே கிடந்தது. ஓடிவந்து தங்கச்சியின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து வெயில் பக்கம் திருப்பினார்.

"அசையாதை" என்றார். "அசையாதை. அம்மா வந்திட்டா."